செல்லும் அம்பு

லெவாவின் கடைசி டிசம்பர். புர்காஸ் துறைமுகத்தில் பனிமூட்டம்.
சாத்திய பல் பட்டறைக்குள்
மெழுகும் சாந்துமாய்க் கிடந்த என் மேசைமேல்
வெல்கோ ஒரு காலுறையைக் கவிழ்த்தான்.
நாற்பது அம்புமுனைகள்,
சுண்டுவிரல் நீளம், பாசிப் பச்சை.

எய்வதற்காக வார்த்தவை அல்ல.
இந்தக் கரையில் காசு வட்டமாவதற்கு முன்னால்
அம்பின் உருவில் வெண்கலம் ஊற்றி,
கூர் தீட்டாமலே
மீனுக்கும் தானியத்துக்கும் எண்ணிக் கொடுத்தார்கள்.
பறக்காது. ஆனால் செல்லும்.

பொய்ப்பல் செய்பவள் நான்.
இருபத்திரண்டு வருடமாய்
ஊரார் வாயில் பொய் வைத்துப் பிழைக்கிறேன்.
பொய் எனக்கு முதலில் மணக்கும்.
மண்வாசம் இல்லை,
கழிப்பறை கழுவும் அமிலம்.
அசிட்டோன் பஞ்சால் ஒற்றினேன்.
ஈராயிரத்து அறுநூறு வருடக் களிம்பு
பஞ்சுக்கு வந்துவிட்டது.

கண்ணாடிக்கு அடியில் ஊசிமுனைக் குமிழிகள்.
அவசரமாய் ஊற்றினால் எனக்கும் வருபவைதான்.
பிறகு அந்தக் குழி:
எள்ளளவு, இடது விலாவில்,
இதிலும், அதிலும், அடுத்ததிலும்.
மண் ஒரே இடத்தில்
நாற்பது தடவை கடிக்காது, வெல்கோ.

அவன் தலையை மேலும் கீழும் அசைத்தான்.
எங்கள் நாட்டில் அது மறுப்பு.
"எல்லாமுமா?"

அந்தக் கேள்விதான் என்னை மறுபடி உட்கார வைத்தது.
குட்டி இருந்தால் தாய் இருக்கவேண்டும்.
வார்த்த உலோகம் ஆறும்போது மயிரளவு சுருங்கும்;
கிரீடம் பல்லில் உட்காராமல் போன
ஒவ்வொரு முறையும் நான் படித்த பாடம்.
அளவுகோலை எடுத்தேன்.
முப்பத்தொன்பது ஓர் அளவு.
ஒன்று மட்டும் ஒரு மயிர் நீளம்.

அதன் குழிக்குள்
பச்சைக்கு அடியில் சிவப்பு, மாதுளைமுத்தின் ஓரம்போல.
மற்றவற்றில் இருந்தது குழியின் சாயல்.
இதில் இருந்தது குழி.

விளக்கை இன்னும் தாழ்த்தினேன்.
களிம்புக்கும் கீழே, விளிம்பு நெடுக, அரம் போட்ட கீறல்கள்.
தண்டு நுழையும் துளையில் ஈயம்.
இது காசாகப் பிறந்ததில்லை.
யாரையோ தேடிப் பறந்த அம்பு.
யாரோ பொறுக்கி எடுத்து, கூரை மழுக்கி,
துளையை அடைத்து,
காசுகளோடு காசாக நீட்டியிருக்கிறான்.
மீன்காரி கவனித்தாளோ,
கவனித்தும் வாங்கிப் போட்டுக்கொண்டாளோ.
என் பதிவேட்டில் அசல் என்று எழுதி
அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன்.
மை பேனாவிலேயே காய்ந்தது.

"இந்த ஒன்றுக்கு முன்னூறு."
"தாயைப் பிரித்துத் தரமாட்டேன்.
நாற்பதுக்கும் நானூறு."
நான்கு தாள்களை வைத்தேன்.
ஒவ்வொன்றாய் ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கினான்,
வெள்ளிக்கோட்டைச் சாய்த்துப் பார்த்தான்,
கட்டைவிரலால் தேய்த்தான்,
கடைசியில் முகர்ந்தும் பார்த்தான்.
எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"வியாழக்கிழமை யூரோ வருகிறதாமே,
இது அப்புறமும் செல்லுமா?"
"ஜனவரி முழுக்கச் செல்லும். பிறகு வங்கியில் மாற்றிக்கொள்."
"வங்கி ஏன் என்று கேட்காதா?"
"காசுக்கு அது கேட்காது."

அதற்குச் சிரித்தான், வாய் முழுக்க.
மேல்வரிசையில் ஓர் உலோகப் பல்,
போன கோடையில் இல்லாதது.
அதன் விளிம்பில்
ஊசிமுனைக் குமிழி ஒன்று.

சோசொபோல் சாலையில்
இப்படி அவசரமாய் ஊற்றுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும்.
ஒரே பள்ளியில் படித்தோம்.
பரீட்சையில் என் அச்சை அவன் திருடியிருக்கிறான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.
"அந்தப் பல் வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன்.
வெல்கோ தலையை இடவலமாய் ஆட்டினான்.
ஆமாம்.